ஒன்றுமில்லாத கட்டி

பிரமுவின் கழுத்தில் பசையைப் பிதுக்குகிறார்கள், எனக்குக் கூசுகிறது. தோளுக்கு அடியில் தலையணை வைத்ததில் அவள் தலை பின்னால் சரிந்து தாடை கூரையைப் பார்க்கிறது, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள். நானும் இப்படித்தான் படுத்திருந்தேன், இதே பாளையங்கோட்டையில், வேறொரு ஸ்கேன் சென்டரின் இருட்டறையில், அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவள் பிரமு. இன்றைக்கு நான் நிற்கிறேன், அவளுடைய கைப்பை என் தோளில் தொங்குகிறது, அவள் கழற்றித் தந்த தாலிச்செயின் என் உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டிக்கிடக்கிறது. கோபமாக வருகிறது. வெளியே வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்துத்தான் பேரைக் கேட்டாள், நான் வாயைத் திறந்து காற்றைச் சேர்ப்பதற்குள் பிரமு முந்திக்கொண்டாள், "பேரு பிரமநாயகி, எனக்குத்தான் ஸ்கேன், இது எங்க அக்கா, அவங்களுக்குத் தொண்டை சரியில்ல." தொண்டை சரியில்ல. ஏதோ மழையில் நனைந்து சளி பிடித்தவளைச் சொல்வதுபோல. மூன்று வருஷமாக அவள்தான் எனக்கு வாய், ஆட்டோக்காரனிடம் பேரம் பேசுவதும், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்வதும், பால்காரனைத் திட்டுவதும் அவள்தான். நான் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் அது கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிறவரைக்கும் அவளால் பொறுக்க முடியாது, மிச்சத்தை அவளே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வாள். அதுதான் எரிச்சல். நான் சொல்ல நினைக்காததைச் சொன்னாலாவது இல்லை என்று தலையாட்டலாம்.

டாக்டர் ஹசீனா என்று கதவில் எழுதியிருந்தது, சின்ன வயசுக்காரிதான், தலையில் கறுப்பு முக்காடு, பேசாமல் அந்தக் கருவியைக் கழுத்தில் வைத்து உருட்டுகிறாள், திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதோ அசைகிறது. மூலையில் கம்ப்யூட்டரில் தட்டுவதற்கு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஸ்கேன் பார்த்தவர் பேசிக்கொண்டே பார்த்தார், என்னிடம் இல்லை, தட்டுகிறவளிடம். கழுத்து வலி என்று போன இடத்தில் கண்ணில் பட்ட கட்டி அது, எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "பஞ்சு மாதிரி இருக்கு, பூரா ஓட்டை ஓட்டையா, ஓரமெல்லாம் வழுவழுன்னு" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. பஞ்சு என்றதும் எனக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சு ஞாபகம் வந்தது, ரத்தத்தில் ஊறின பஞ்சு, அய்யோ இது பெரிய வியாதிதான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன். பஞ்சு நல்லதா கெட்டதா என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் குரல் இருந்தது. எப்பேர்ப்பட்ட குரல். நான் பி.டி. டீச்சர், கோகோ கோச், இந்த வடிவு டீச்சர் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பிள்ளை டம்ளரைப் போட்டுவிட்டுத் திரும்பும், எனக்கு விசிலே தேவைப்பட்டதில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் படுத்துக்கிடந்தேன். படுக்கவைத்துவிட்டால் பேசக்கூடாது என்று யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் இருந்தேன், பசையைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், துடைத்துக்கொண்டேன், வெளியே இருங்கள் என்றார்கள், இருந்தேன்.

ஸ்கேன் ரிப்போர்ட் கவரோடு இவர் என்னை ஒரு பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனிடம் கூட்டிப்போனார். என் வீட்டுக்காரருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மரியாதை, செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றலாமா என்று பார்ப்பார். சர்ஜன் கவரிலிருந்த தாளை உருவினார், அடியில் இருந்த ஒற்றை வரியைப் பார்த்தார், என் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, விரலால் தொட்டிருந்தால்கூட என் கழுத்து என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றியிருக்கும். "கட்டின்னு வந்துட்டா உள்ள விட்டுவைக்கக் கூடாதும்மா. தைராய்டையே மொத்தமா எடுத்துட்டா நிம்மதி" என்றார். ஊசி போட்டுச் சோதித்துப் பார்க்கிறது உண்டாமே என்று கூட வந்த பிரமுதான் கேட்டாள், அதற்கு அவர் சிரித்தார், "ஊசியில இல்லன்னு வந்தாலும் உங்களுக்குத் தூக்கம் வருமா?" இவர் உடனே, "டாக்டரே சொல்லுதாருல்லா" என்றார். நிம்மதி, நிம்மதி, வீடு வருகிறவரைக்கும் காரில் அதே பேச்சு. யாருடைய நிம்மதி. ஆபரேஷன் முடிந்து கண்ணைத் திறந்து தண்ணீர் என்று கேட்டேன், உதடு அசைந்தது, காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை, ஏனென்றால் யாருக்கும் கேட்கவில்லை. வீக்கம், வடிந்ததும் வந்துவிடும் என்றார்கள். பிறகு நரம்பு லேசாக இழுபட்டிருக்கிறது என்றார்கள். பிறகு சில பேருக்கு அப்படி ஆகும் என்றார்கள். சில பேர். அந்தச் சில பேரை ஒரு நாள் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பார்க்கவேண்டும் எனக்கு. தையல் பிரிக்கப் போன அன்று எடுத்த கட்டியின் ரிசல்ட் வந்தது, அவர் எழுந்து வந்து இவருடைய கையைக் குலுக்கினார், "ஒண்ணுமே இல்ல, சாதாரணக் கட்டி, வாழ்த்துகள்." இவர் கண்ணில் தண்ணீர் விட்டார், அங்கேயே லட்டு வாங்கிவந்து நர்சுகளுக்குக் கொடுத்தார், எனக்கும் ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தார், நான் சிரித்தேன், எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் என்ன செய்ய. லட்டு தொண்டையில் இறங்கவில்லை, புரையேறியது. ஒன்றுமில்லை என்றால் எதை எடுத்தீர்கள். ஒன்றுமில்லாத ஒன்றுக்காகவா என்னை வெட்டினீர்கள். இதை நான் யாரிடம் கேட்டாலும் கேன்சர் இல்லையென்று சந்தோஷப்படாமல் என்ன பேச்சு இது என்பார்கள். கேட்டுப் பார்த்திருக்கிறேன். மாமியார் சொன்னாள், இவர் சொன்னார், ஹெச்.எம். சொன்னாள், சொல்லிவிட்டு என்னை மைதானத்திலிருந்து எடுத்து நூலக அறையில் போட்டாள். அங்கே சத்தம் போடக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, ஆயுசுக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புதிதாக வந்த பையன் பிள்ளைகளுக்குக் கோகோ சொல்லிக்கொடுக்கிறான், முதுகைத் தொடுவதற்கு முன்னாலேயே கோ சொல்லிவிடுகிறார்கள், அது ஃபவுல், அவன் கவனிக்கவில்லை, நான் ஜன்னல் கம்பியைத் தட்டுகிறேன், யார் திரும்பப்போகிறார்கள்.

அதனால்தான் பிரமு கண்ணாடி முன்னால் பவுடர் போடும்போது கழுத்தில் ஏதோ தட்டுப்படுகிறது என்று போன் பண்ணினதும் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் மாப்பிள்ளை அதே சர்ஜனிடம் நாள் வாங்கிவிட்டான், அக்காவுக்குப் பார்த்த டாக்டர், கைராசிக்காரர் என்று. கைராசி. நான் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, முடியாது என்றேன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டு மூச்சு பிடித்தது. முதலில் வேறு இடத்தில் ஸ்கேன், கட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பிறகு பேசுவோம் என்றேன், பாதியை நான் சொல்ல மீதியைப் பிரமு சொல்லி முடித்தாள். இன்றைக்குச் சண்டை போடுவதற்காகவே வந்திருக்கிறேன். இந்த டாக்டரும் கட்டி என்றதும் எடுத்துவிடச் சொல்வாள், அப்போது கேட்கவேண்டியதைக் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேன். பஞ்சு மாதிரியா இருக்கிறது, ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா, அப்படியென்றால் எதற்கு எடுக்கவேண்டும். என் தங்கச்சிக்கும் பஞ்சாகத்தான் இருக்கும், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், எனக்கு ஒன்றுமில்லை என்றால் அவளுக்கு என்ன இருக்கப்போகிறது. அவளை ஒருத்தனும் தொடக்கூடாது. கத்தி வைத்தால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன்.

கருவி ஓரிடத்தில் நின்றுவிட்டது. டாக்டர் ஹசீனா அழுத்திப் பார்க்கிறாள், திருப்பி வைத்துப் பார்க்கிறாள், திரையில் அசைந்துகொண்டிருந்த படம் உறைந்து அதன் மேல் புள்ளிக்கோடுகள் ஓடுகின்றன, நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. பிறகு காதுக்குக் கீழே, தோளெலும்புக்கு மேலே என்று கழுத்தின் பக்கவாட்டெல்லாம் மெதுவாகத் தேடுகிறாள். எனக்கு இவ்வளவு நேரம் பார்க்கவில்லையே. என்ன தேடுகிறாய், ஒன்றுமில்லாததை எத்தனை தடவை பார்ப்பாய். பிரமு கண்ணைத் திறந்துவிட்டாள், "என்ன டாக்டர்?" என்கிறாள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்புகிறாள். "ஒளிக்காம சொல்றேன், பயப்படாமக் கேளுங்க. இதுதான் கட்டி. நாங்க இதைப் பார்த்து மார்க் போடுவோம், பரீட்சை மாதிரி இல்ல, இங்க மார்க் கூடக்கூட சந்தேகம் கூடும். உள்ள தண்ணி இல்ல, முழுக்கக் கெட்டியா இருக்கு, அதுக்கு மார்க். சுத்தி இருக்கிறதை விட ரொம்பக் கறுப்பாத் தெரியுது, அதுக்கு. சாதாரணக் கட்டி படுத்தாப்ல அகலமா இருக்கும், இது பாருங்க, நிமிர்ந்து நிக்குது, அகலத்தை விட உயரம் ஜாஸ்தி. இந்த ஓரம் ஒழுங்கா இல்ல. உள்ள உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் சேர்ந்தா அதிகச் சந்தேகம்னு வைக்கிற கூட்டத்துல வருது. இதை ஊசி போட்டுப் பார்த்தே ஆகணும். பக்கத்துல நெறிக்கட்டு எதுவும் இல்ல, அது நல்ல விஷயம்."

நிமிர்ந்து நிற்கிறது. நான் அதைப் பார்க்கிறேன், பிரமுவின் கழுத்துக்குள் கறுப்பாக ஒன்று, கால் ஊன்றி, ஆள் மாதிரி. ஏன் நிமிர்ந்து நிற்கிறாய், படு, படுத்துத் தொலை, என்னுடையது படுத்துத்தானே கிடந்தது. நான் பழகிவைத்த கேள்விகள் வாய்க்குள் கிடக்கின்றன, ஒன்றுக்கும் உபயோகம் இல்லை, ஆனாலும் ஒன்று வெளியே வந்துவிடுகிறது, யாரும் முடித்துவைக்காமல், கரகரவென்று, முழுசாக. "பஞ்சு மாதிரி இருந்தா?" டாக்டர் ஹசீனா நிமிர்ந்து பார்க்கிறாள், என் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் பார்க்கிற பார்வைதான். "இது பஞ்சு மாதிரி இல்லம்மா." நான் தலையாட்டுகிறேன், தெரியும், இது இல்லை. "பஞ்சு மாதிரி, ஓட்டை ஓட்டையா, ஓரம் வழுவழுன்னு. இருந்தா?" "அதுக்கு மார்க்கே கிடையாது. ஊசிகூட வேண்டாம், தொட வேண்டியதே இல்ல. ஏன் கேக்கீங்க?" என்றவள் கேட்டு முடிப்பதற்குள் என் கழுத்தைப் பார்த்துவிட்டாள், சேலைத் தலைப்பால் நான் மூடிக்கொள்கிற அந்த ஆபரேஷன் தழும்பை, அது இன்றைக்கு மூடாமல் கிடந்தது. தட்டிக்கொண்டிருந்த பெண்ணும் கையை நிறுத்திவிட்டு என் கழுத்தைப் பார்க்கிறாள். தொட வேண்டியதே இல்லை. மூன்று வருஷமாக எனக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் டாக்டருக்குப் படித்த ஒருத்தி வாயால் கேட்கும்போது அந்தச் சர்ஜனுடைய மேஜையை அப்படியே புரட்டிப்போட வேண்டும்போல் இருக்கிறது, அவருடைய கையைக் குலுக்கிய இவருடைய கையை முறிக்க வேண்டும்போல் இருக்கிறது. லட்டு. வாழ்த்துகள். அந்தத் தாளில் அந்தப் பஞ்சு என்ற வார்த்தையும் இருந்திருக்கும்தானே, அதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

பிரமு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பசையைத் துணியால் அழுத்தித் துடைக்கிறாள், சிவந்துபோகிறவரைக்கும் துடைக்கிறாள். "எனக்கு ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். செயினைத் தாக்கா, போவோம்." டாக்டர் ஹசீனா சொல்கிறாள், "இன்னிக்கே பண்ணிடலாம், ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே போடுற சின்ன ஊசிதான். ஒருவேளை அதுதான்னு வந்தாலும் இது மெதுவா வளர்ற வகை, நேரத்துல எடுத்தா நல்லாயிருவீங்க." எடுத்தா என்ற வார்த்தைதான் பிரமுவின் காதில் விழுந்திருக்கும், கீழே இறங்கிச் செருப்பைத் தேடுகிறாள், ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, காலால் துழாவுகிறாள். நான் கதவை மறித்து நிற்கிறேன். "ஏட்டி" என்கிறேன். "விடுக்கா. இவங்க ஊசி போடுவாங்க, இருக்குன்னு சொல்லுவாங்க, பெறகு வெட்டுவாங்க, பெறகு நான் உன்னை மாதிரி ஆகிருவேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் இதைச் சொன்னதில்லை, என் குரல் அப்படியொன்றும் மோசமில்லை என்றுதான் சொல்வாள், போன வாரத்துக்கு இந்த வாரம் தெளிவு என்பாள். அவள் கதவைத் திறந்து என்னைத் தாண்டிப் போகிறாள், ஒற்றைச் செருப்போடு.

வெளியே கூடம் நிறைய ஆட்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், முழுகாமல் இருக்கிற பெண்கள், தண்ணீர் பாட்டிலைக் குடித்துக் குடித்து வைக்கிறார்கள். பிரமு வாசலை நோக்கிப் போகிறாள். நான் இவ்வளவு பேருக்கு நடுவில் வாய் திறந்ததே இல்லை, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பேய் பேசுகிறதா என்று குழந்தைகள் பார்க்கும், பஸ்ஸில் அப்படி ஒரு குழந்தை அழுதிருக்கிறது. அதற்காக விட்டுவிடவா. எனக்குள் என்ன ஏறுகிறது என்று எனக்கே தெரிகிறது, அந்த ஆள் என் குரலை மட்டும் எடுக்கவில்லை, இதோ இவளையும் எடுக்கிறார், ஒன்றுமில்லாத இடத்தில் வெட்டிவைத்த ஒரு வெட்டு, இருக்கிற இடத்தில் வெட்டவேண்டிய வெட்டை வேண்டாமென்று ஓடவைக்கிறது, அவளைப் பயமுறுத்துகிற பூச்சாண்டியாக என்னை நிற்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார் பாவி. "நில்லுட்டி." அந்தச் சத்தம் எனக்கே அடையாளம் தெரியவில்லை, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி, ஆனால் வந்தது, கிழவர் திரும்பினார், வரவேற்பில் இருந்த பெண் போனைக் கீழே வைத்தாள். பிரமு நின்றாள். நான் நடந்துகொண்டே பேசினேன், மூச்சு தீரத் தீர நின்று பிடித்துக்கொண்டு, விட்ட இடத்தில் தொடங்கி. "என்னைப் பாத்து ஓடுதியா. எனக்குப் பாத்தவன் பாக்கவே இல்லட்டி. தாளைப் பாத்தான், வெட்டினான். இந்தப் பொண்ணு பாத்துச்சு. எவ்வளவு நேரம் பாத்துச்சு, நீ படுத்துக் கெடந்த, நான் பாத்துக்கிட்டு நின்னேன். என்னுது பஞ்சு. உன்னுது நிமிந்து நிக்கி. ரெண்டும் ஒண்ணாட்டி? ஒண்ணுமில்லாததுக்கு நான் குடுத்துட்டேன். நீ இருக்கதை உள்ள வச்சிக்கிட்டுப் போறேன்னு சொல்லுத. போ. போயிச் செத்தா எவன்ட்ட போயி நான் கேப்பேன். வெட்டணும்னு வந்தா அவன்ட்ட போக மாட்டோம், மதுரைக்குப் போவோம், மெட்ராசுக்குப் போவோம், நரம்பைப் பாத்து வெட்டுதவன் எவனோ அவன்ட்ட போவோம், நான் வந்து கேக்கேன், எத்தனை பேருக்குக் குரல் போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கேன். இன்னைக்கு ஊசி. ஊசிதான். வா."

கடைசி வார்த்தைகளில் சத்தம் இல்லை, வெறும் காற்று, தொண்டை எரிகிறது, கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, அது அழுகை இல்லை, யாரும் அழுகை என்று நினைக்கவேண்டாம். பிரமு என்னையே பார்க்கிறாள், கூடத்தில் உள்ளவர்களைப் பார்க்கிறாள், வெட்கத்தில் அவள் முகம் சுருங்குகிறது, சின்னப் பிள்ளையில் நான் ரோட்டில் வைத்துத் திட்டினால் சுருங்குகிற அதே மாதிரி. "ஏன்க்கா இப்படிக் கத்துத" என்கிறாள் மெதுவாக, "எல்லாரும் பாக்காங்க." கத்துகிறேனாம். நான். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, யோசித்தும் சொல்லவில்லை, வாய் தவறி வந்தது. என்னைக் கத்தாதே என்று யாராவது சொல்லி எத்தனை நாளாயிற்று. சந்தோஷப்படக்கூட இப்போது நேரமில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறேன், அவள் வருகிறாள், வழியில் வரவேற்புப் பெண்ணிடம் நானே சொல்கிறேன், "ஊசி டெஸ்ட். பேரு பிரமநாயகி." அந்தப் பெண் திரும்பக் கேட்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

திரும்பவும் இருட்டு, தலையணை, கூரையைப் பார்க்கிற தாடை. பசைக்குப் பதிலாக மஞ்சளாக ஏதோ மருந்தால் துடைக்கிறாள் டாக்டர் ஹசீனா. "ஊசி உள்ள இருக்கும்போது எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, அசையவே கூடாது. சரியா?" பிரமு சரி என்று சொல்லப்போய் வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் அசைக்கிறாள். டாக்டர் என் பக்கம் திரும்பாமல் சொல்கிறாள், "நீங்க வேணா ஏதாவது பேசிக்கிட்டு இருங்கம்மா, அவங்களுக்குத் தைரியமா இருக்கும்." என்னையா சொல்கிறாள். திரையில் அந்தக் கறுப்பு நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்திலிருந்து வெள்ளை இழை மாதிரி ஊசி நுழைந்து அதை நோக்கிப் போகிறது, குத்து, குத்தி வெளியே இழு, அது என்னவென்று தெரியட்டும். பிரமுவின் கட்டைவிரல் நகம் என் உள்ளங்கையில் புதைகிறது. நான் அவள் காதுப் பக்கம் குனிந்து பேசுகிறேன், என்ன பேசுகிறேன் என்று யோசிக்காமல், அவள் மாப்பிள்ளையைத் திட்டுகிறேன், கைராசி என்று சொன்ன வாயைத் திட்டுகிறேன், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இவரிடம் லட்டைப் பற்றிக் கேட்கப்போகிறேன் என்கிறேன், அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆள் முன்னால் உட்கார்ந்து என் கழுத்தைத் தொட்டுப் பாரும் என்று சொல்லப்போகிறேன் என்கிறேன், வார்த்தை பாதியில் அறுகிறது, காற்றாகப் போகிறது, திரும்ப வருகிறது, முடித்துவைக்க யாருமில்லாததால் ஒவ்வொன்றையும் நானே இழுத்துக்கொண்டு போய் முடிக்கிறேன். ஊசி வெளியே வருகிறது. தட்டுகிற பெண் கண்ணாடித் தகடுகளை நீட்டுகிறாள், டாக்டர் அதில் எதையோ தடவுகிறாள். "இன்னும் ஒரு தடவை" என்கிறாள். பிரமுவின் கண்ணோரத்திலிருந்து காதை நோக்கித் தண்ணீர் வழிகிறது, அவள் துடைக்கவில்லை, அசையக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, உதடு மட்டும் திறக்கிறது, பேசப்போகிறாள். "பேசாத" என்கிறேன், "நான் இன்னும் முடிக்கல."